சைனஸ் அறுவைக்குப் பின் ஸ்டீராய்டு: மாத்திரை, கழுவல், ஸ்ப்ரே – புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மூக்கடைப்பும் சதை வளர்ச்சியும் பல ஆண்டுகள் படுத்தியபின் எண்டோஸ்கோப் (மூக்குக்குள் செலுத்திப் பார்க்கும் மெல்லிய கருவி) வழியாகச் சைனஸ் (மூக்கைச் சுற்றியுள்ள எலும்புகளுக்குள் இருக்கும் காற்றறைகள்) அறுவை செய்துகொண்டு வீடு திரும்புகிறவரின் மருந்துச் சீட்டில் பெரும்பாலும் ஸ்டீராய்டு ஏதாவது ஒரு வடிவில் இருக்கும். சிலருக்கு மூன்று வடிவிலும் இருக்கும். முதல் சில வாரங்களுக்கு மாத்திரை, பிறகு உப்புநீரில் கலந்து மூக்கைக் கழுவ ஒரு மருந்து, அதன்பின் பல மாதங்களுக்கு மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே என்று அவை வரிசையாக வரும். ஸ்டீராய்டு என்ற சொல் காதில் விழுந்ததும் வீட்டில் உள்ளவர்கள் கலங்குவது வழக்கம். அந்தக் கலக்கம் பெரும்பாலும் போக வேண்டிய இடத்துக்குப் போவதில்லை என்பது என் எண்ணம். கணக்குப் பார்த்து விழுங்க வேண்டிய மாத்திரையை, வாசனை திரும்பிவிட்ட மகிழ்ச்சியில், இன்னும் ஒரு வாரத்துக்கு எழுதித் தரும்படி மருத்துவரிடம் கெஞ்சுகிறோம். மாதக்கணக்கில் தொடர வேண்டிய ஸ்ப்ரேயை, ‘ஸ்டீராய்டு ஆயிற்றே’ என்று பாதியிலேயே அலமாரியில் வைத்துவிடுகிறோம். இரண்டையும் செய்தவன் நான் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

பன்னிரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் நாள்பட்ட சைனஸ் அழற்சிக்காக, குறிப்பாக மூக்கில் சதை வளர்ந்ததற்காக, அறுவை செய்துகொண்டவர்களையும் செய்துகொள்ள இருப்பவர்களையும் மனத்தில் வைத்தே இது எழுதப்படுகிறது. எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை நாள் என்பதை முடிவு செய்பவர் உங்கள் காது மூக்கு தொண்டை மருத்துவர். அவர் எழுதியதை எப்படிச் சரியாகப் பயன்படுத்துவது, எதைக் கேட்டுத் தெளிவது, எந்த அறிகுறி கண்டால் காத்திராமல் கிளம்புவது என்பவை மட்டுமே இங்கே பேசப்படும்.

அறுவையே முடிந்துவிட்டது, பிறகு ஏன் மருந்து?

புதியவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் பணியாற்றிய மெசர்க்லிங்கர் என்ற மருத்துவர், சைனஸ் அறைகளின் உட்சுவரில் உள்ள நுண்ணிய மயிரிழைகள் சளியை எப்போதும் இயற்கையான வாயிலை நோக்கியே தள்ளுகின்றன என்பதை எண்டோஸ்கோப் மூலம் விரிவாக ஆராய்ந்து காட்டினார். வேறோர் இடத்தில் புதிதாகத் துளை போட்டாலும் சளி அதைத் தாண்டிப் பழைய வாயிலையே தேடிப் போகும். அடைபட்ட அந்த இயற்கை வாயில்களைத் திறந்துவிடுவதே இன்றைய சைனஸ் அறுவையின் அடிப்படை. 1985-இல் அமெரிக்க மருத்துவர் டேவிட் கென்னடியின் கட்டுரைகள் வழியாக, ‘செயல்பாட்டு எண்டோஸ்கோப் சைனஸ் அறுவை’ என்று அது பெயர் பெற்றது. நம்மூர் மருத்துவமனைகளில் இதையே ஃபெஸ் என்று சுருக்கிச் சொல்கிறார்கள்.

ஆக, அறுவை செய்வது வழியைத் திறக்கும் வேலை. சதையை வளரவைத்த அழற்சி, அந்தச் சுவரின் சவ்விலேயே தங்கியிருக்கிறது. கத்தியால் அதை எடுக்க முடியாது. அறுவைக்கு முன் நாம் அடித்த ஸ்ப்ரே சைனஸ் அறைகளுக்குள் ஏறக்குறைய நுழைவதே இல்லை. வாயில்கள் அகன்றபின்தான் உப்புநீரும் அதில் கலந்த மருந்தும் உள்ளே போய்ச் சேர வழி பிறக்கிறது. இந்தக் கோணத்தில் பார்த்தால், மருந்து போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சேர்வதற்காகவே பாதி அறுவை செய்யப்படுகிறது என்று சொன்னாலும் தகும். சவ்வு ஆறிப் பழைய நிலைக்குத் திரும்ப ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் வரை ஆகக்கூடும். அந்த நாட்களில் வீக்கத்தைக் கட்டுக்குள் வைத்து, சதையும் தழும்பும் திறந்த வழியை மறுபடி மூடிவிடாமல் பார்த்துக்கொள்வதே ஸ்டீராய்டின் வேலை.

உடற்பயிற்சிக் கூடங்களில் சதை ஏற்றுவதற்கென்று போடப்படுகிற ஸ்டீராய்டு வேறு இனம். நமக்குத் தரப்படுவது, சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி அன்றாடம் சுரக்கும் கார்ட்டிசாலை ஒத்த, அழற்சியைத் தணிக்கும் மருந்து.

முதல் படி: அறுவைக்கு முன்பே வாய்விட்டுச் சொல்ல வேண்டியவை

சதை அதிகம் உள்ளவர்களுக்கு, அறுவையின்போது ரத்தக் கசிவு குறைந்து உள்ளே தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, சில நாட்களுக்கு முன்பிருந்தே ஸ்டீராய்டு மாத்திரை தொடங்குவதுண்டு. எனவே மருத்துவரிடம் சொல்ல வேண்டியதை அறுவைக்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று ஒத்திப்போடக் கூடாது. சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், கண் அழுத்த நோய், வயிற்றுப் புண், எலும்புத் தேய்மானம், மனநலச் சிகிச்சை, முன்பு வந்த காசநோய், கர்ப்பம் ஆகியவற்றில் எது இருந்தாலும், அவர் கேட்காவிட்டாலும் நாமே சொல்லிவிட வேண்டும்.

கூடவே எடுத்துக்கொள்ளும் மருந்துகளைச் சொல்வதும் அதே அளவுக்கு முக்கியம். படர்தாமரைக்காகத் தோல் மருத்துவர் தரும் இட்ராகொனசோல் மாத்திரையை ‘தோலுக்குத்தானே’ என்று பலரும் குறிப்பிடுவதில்லை. அது புடசோனைட், ஃப்ளூட்டிகசோன், மெத்தில்பிரெட்னிசோலோன் ஆகிய ஸ்டீராய்டுகளை உடல் கரைத்து வெளியேற்றும் வேகத்தைக் குறைத்துவிடும். மூக்கில் அடித்த சிறிய அளவே உடலில் தேங்கிப் பெரிய அளவின் வேலையைச் செய்யத் தொடங்கிவிடும். எச்.ஐ.வி. சிகிச்சையில் தரப்படும் ரிட்டோனவிரும் இவ்வாறே. காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் இதற்கு நேர்மாறாக, ஸ்டீராய்டு மாத்திரையான பிரெட்னிசோலோனின் பலனைக் குறைக்கும். மூட்டுவலிக்கும் இளைப்புக்கும் என்று பெயர் தெரியாத பொடி யாராவது கொடுத்துச் சாப்பிட்டு வந்தால் அதையும் மறைக்க வேண்டாம். அத்தகைய பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டே கலந்திருந்ததுண்டு. சளிக்கென்று மருந்துக்கடையில் காகிதத்தில் மடித்துத் தரும் கலவை மாத்திரைகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அடிக்கடி அப்படி விழுங்கியவருக்கு, தான் ஏற்கெனவே எவ்வளவு ஸ்டீராய்டு எடுத்திருக்கிறோம் என்பதே தெரிந்திருக்காது.

சைனஸில் பூஞ்சை என்று சொல்லப்பட்டிருந்தால், எந்த வகைப் பூஞ்சை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒவ்வாமையால் வரும் பூஞ்சைச் சைனஸ் நோய்க்கு அறுவைக்குப் பின் ஸ்டீராய்டு மிகவும் துணை செய்யும். திசுவை அரித்துக்கொண்டு செல்லும் பூஞ்சைக்கோ ஸ்டீராய்டு, எரியும் தீயில் எண்ணெய் வார்த்ததுபோல் ஆகும். 2021-இல் கொரோனாவின் இரண்டாம் அலையில், கட்டுப்படாத சர்க்கரையும் ஸ்டீராய்டும் சேர்ந்த உடல்களில் கறுப்புப் பூஞ்சை எப்படிப் பரவியது என்பதை நாம் கண்ணால் பார்த்தோம். திசுப் பரிசோதனை அறிக்கை வந்துவிட்டதா, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று முதல் மறுபரிசோதனையிலேயே கேட்பது நல்லது.

இரண்டாம் படி: மாத்திரை நாட்கள்

பிரெட்னிசோலோன், மெத்தில்பிரெட்னிசோலோன், டெஃப்ளசகார்ட் ஆகியவற்றில் ஒன்றைத்தான் பொதுவாக எழுதித் தருவார்கள். இவற்றின் மில்லிகிராம்களை ஒன்றோடொன்று நேரடியாக ஒப்பிடக் கூடாது: 5 மில்லிகிராம் பிரெட்னிசோலோன் செய்யும் வேலையை 4 மில்லிகிராம் மெத்தில்பிரெட்னிசோலோனோ 6 மில்லிகிராம் டெஃப்ளசகார்ட்டோ செய்துவிடும். கடையில் ‘அது இல்லை, இது இருக்கிறது, இரண்டும் ஒன்றுதான்’ என்று மாற்றிக் கொடுத்தால் வாங்காமல் மருத்துவரிடம் பேசுங்கள்.

நம் உடல் ஒரு நாளில் தானே சுரக்கும் கார்ட்டிசால், ஏறக்குறைய 5 மில்லிகிராம் பிரெட்னிசோலோனுக்கு நிகரானது. அறுவையை ஒட்டி ஒருவருக்கு 30 மில்லிகிராம் எழுதப்பட்டால், இயற்கை அளவைப்போல் ஆறு மடங்கு உள்ளே போகிறது என்று பொருள். ஐந்து நாள் 30, அடுத்த ஐந்து நாள் 20, பிறகு ஐந்து நாள் 10 என்று படிப்படியாக இறக்கும் அட்டவணை ஒரு மாதிரி. உங்களுடையது இதைவிடக் குறுகியதாகவோ நீண்டதாகவோ இருக்கலாம். சதை இல்லாத சைனஸ் நோய்க்காக அறுவை செய்துகொண்டவர்கள் பலருக்கு மாத்திரையே தேவைப்படாது. பக்கத்துப் படுக்கைக்காரருக்குக் கொடுத்தார்கள், எனக்குக் கொடுக்கவில்லை என்று குறைப்பட ஒன்றுமில்லை.

அன்றைய அளவு முழுவதையும் காலை உணவுக்குப் பின், முடிந்தால் ஒன்பது மணிக்குள் எடுத்துவிட வேண்டும் என்பதே பொதுவான முறை. உடலின் சொந்தக் கார்ட்டிசால் காலையில்தான் உச்சத்தில் இருக்கும். அந்தத் தாளத்தோடு ஒத்துப்போனால் சுரப்பி குழம்புவது குறையும், இரவுத் தூக்கமும் ஓரளவு தப்பும். அளவு மாறும் நாட்களில் குழப்பம் வராமலிருக்க, அட்டவணையை நாட்காட்டியிலேயே தேதி வாரியாக எழுதி ஒட்டி, விழுங்கியதும் கோடிட்டுவிடுங்கள். ஒரு நாள் காலை மறந்து மதியத்துக்குள் நினைவு வந்தால் அப்போதே எடுக்கலாம். மறுநாள்தான் நினைவு வந்தது என்றால் இரண்டு நாள் மருந்தைச் சேர்த்து விழுங்காமல் அன்றைய அளவை மட்டும் எடுத்து, அடுத்த மறுபரிசோதனையில் சொல்லிவிடுங்கள்.

நாமாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. வெளியிலிருந்து கார்ட்டிசால் தாராளமாக வந்துகொண்டிருந்தால் அட்ரீனல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும். மூன்று நான்கு வாரங்களுக்கு மேல் போனால் அது மீண்டும் விழித்தெழ நாள் பிடிக்கும். அந்த இடைவெளியில் மருந்தும் நின்றுவிட்டால் கடுமையான சோர்வு, வாந்தி, தலைசுற்றல், ரத்த அழுத்த வீழ்ச்சி வரக்கூடும். இரண்டு வாரத்துக்குக் குறைவான சிகிச்சையில் இந்த ஆபத்து குறைவு. என்றாலும் அட்டவணையை முடித்துவிடுவதே முறை. நீண்ட காலம் மாத்திரை எடுத்தவர்கள், அடுத்த ஓராண்டுக்குள் வேறு அறுவையோ கடுங்காய்ச்சலோ வந்தால் அங்குள்ள மருத்துவரிடம் இதைச் சொல்லிவிட வேண்டும்.

வலிமாத்திரையில் மிகுந்த கவனம் தேவை. டைக்ளோபினாக், இபுப்ரூஃபன் போன்றவை ஸ்டீராய்டோடு சேரும்போது வயிற்றுப் புண்ணும் குடல் ரத்தக் கசிவும் வரும் வாய்ப்பு கூடுகிறது. போதாக்குறைக்கு, மூக்குச் சதையும் ஆஸ்துமாவும் சேர்ந்திருக்கும் சிலருக்கு ஆஸ்பிரின் இனத்து மாத்திரை ஒன்றே கடுமையான மூச்சுத்திணறலைக் கொண்டுவந்துவிடும். எழுதித் தந்தது பாரசிட்டமால் என்றால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பான்டோபிரசோல் போன்ற அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை சேர்த்து எழுதப்பட்டிருந்தால் அதை வெறும் வயிற்றில், காலை உணவுக்கு அரை மணி முன்பாக எடுக்க வேண்டும். மதுவை முற்றிலும் தவிர்க்க வேண்டும்.

சர்க்கரை நோயாளிகள் ஒரு நுட்பத்தை அறிந்துகொள்ள வேண்டும். காலையில் எடுத்த பிரெட்னிசோலோன் சர்க்கரையை ஏற்றுவது பெரும்பாலும் மதிய உணவுக்குப் பின்னும் மாலையிலும்தான். விடியற்காலை வெறும் வயிற்றில் பார்த்தால் அளவு சாதுவாக இருக்கும், நாமும் ஏமாந்துவிடுவோம். ஆகவே மதிய உணவுக்கு இரண்டு மணி நேரம் கழித்தும் இரவு உணவுக்கு முன்பும் குளுக்கோமீட்டரில் பார்த்து எழுதி வையுங்கள். இன்சுலின் அளவைக் கூட்டினால், ஸ்டீராய்டு இறங்கும்போது அதையும் இறக்க வேண்டும் என்பதால், சர்க்கரை மருத்துவருக்கும் உங்கள் அட்டவணையின் நகல் ஒன்று போகட்டும்.

பசி பொங்கும், தூக்கம் குறையும், காரணமில்லாமல் எரிச்சல் வரும், முகம் சற்று உப்பும். வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால் சண்டை குறையும். மருந்து நின்ற சில நாட்களில் இவை அடங்கிவிடும். ஆனால் உறக்கமே இல்லாத துள்ளலோ, பிறர் சூழ்ச்சி செய்வதாகத் தோன்றுவதோ, தன்னைத் தானே வருத்திக்கொள்ளும் எண்ணமோ தலைகாட்டினால் அது எரிச்சல் என்ற எல்லையைத் தாண்டிவிட்டது என்று பொருள். அன்றைக்கே மருத்துவரை அழைக்க வேண்டும். வீட்டில் யாருக்காவது சின்னம்மை வந்து, உங்களுக்கு அது முன்பு வந்திராவிட்டால் அதையும் உடனே சொல்லுங்கள். நாள் ஒன்றுக்கு 20 மில்லிகிராமுக்குக் குறையாமல் இரண்டு வாரமோ அதற்கு மேலோ பிரெட்னிசோலோன் எடுத்தவர்கள், அதை நிறுத்தி ஒரு மாதம் ஆகும்வரை உயிருள்ள கிருமி வகைத் தடுப்பூசிகளைத் தள்ளிப்போட வேண்டும்.

இனி அந்த வாசனை விஷயம். மாத்திரை தொடங்கி மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, இரண்டு ஆண்டுகளாக மறந்துபோயிருந்த டிகாக்ஷன் மணம் அடுக்களையிலிருந்து வந்தபோது நான் சிறுபிள்ளைபோல் எழுந்து ஓடினேன். மாத்திரை முடிந்து மூன்று வாரத்தில் அது மங்கியதும், மருத்துவரிடம் போய் மறுபடியும் அதே மாத்திரையைக் கேட்டேன். அவர் மறுத்தார். அப்போது கோபம் வந்தது, இப்போது புரிகிறது. மாத்திரை தரும் வாசனையில் ஒரு பங்கு கடன். அறுவையின் உண்மையான பலன் தெரிய வாரங்கள் செல்லும். நாள்பட்ட சைனஸ் நோய்க்கான ஐரோப்பிய மருத்துவர்களின் 2020 வழிகாட்டுதல், மூக்கு ஸ்ப்ரேயோடு துணையாக ஆண்டுக்கு ஒன்று அல்லது இரண்டு குறுகிய மாத்திரைச் சுற்றுகள் என்ற அளவில்தான் பேசுகிறது. அமெரிக்காவில் 15 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் மருத்துவப் பதிவுகளை வைத்து 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஒரு மாதத்துக்கும் குறைவான மாத்திரைச் சுற்றை அடுத்த முதல் 30 நாட்களில் ரத்தத்தில் கிருமி பரவுதல், ரத்தக்குழாயில் உறைவு, எலும்பு முறிவு மூன்றும் வழக்கத்தைவிட அதிகமாகக் காணப்பட்டதாகக் காட்டியது. தனியொருவருக்கு இவை வரும் வாய்ப்பு குறைவுதான். ஆனால் சுற்றுகள் சேரச் சேரக் கணக்கும் ஏறும். அதனால் ஒரு சிறு நோட்டில், எந்தத் தேதியில் எந்த ஸ்டீராய்டு மாத்திரை எத்தனை மில்லிகிராம் எத்தனை நாள் என்று எழுதி வைத்து, எந்த மருத்துவரிடம் போனாலும் கையோடு கொண்டுபோங்கள். மேலே மாதிரியாகச் சொன்ன அட்டவணையின் மொத்தம் 300 மில்லிகிராம். சில மாதங்கள் கழித்து இடுப்பிலோ தொடை இடுக்கிலோ விடாத வலி வந்தால், அரிதாக இடுப்பெலும்பு முனைக்கு ரத்தம் குறைந்து அது சிதைவதுண்டு என்பதால், அந்த நோட்டோடு எலும்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மூன்றாம் படி: உப்புநீர்

கழுவாத மூக்கில் அடித்த ஸ்ப்ரே பொருக்கின் மேல்தான் படியும். எப்போது தொடங்கலாம் என்பதை, மூக்கில் அடைத்த பஞ்சு எடுக்கப்பட்டதா, கரையும் வகையா என்பதைப் பொறுத்து மருத்துவர் சொல்வார். தொடங்கியபின் நாளுக்கு இரண்டு முறையாவது கழுவுவது வழக்கம்.

தண்ணீரில் எந்தச் சலுகையும் காட்டாதீர்கள். குழாய் நீர், கிணற்று நீர், கேன் தண்ணீர், வீட்டு ஆர்.ஓ. நீர் எதுவானாலும் தளதளவென்று குறைந்தது ஒரு நிமிடம் கொதிக்கவைத்து, மூடியபடியே ஆறவைத்து, வெதுவெதுப்பாகப் பயன்படுத்துங்கள். உயரமான இடங்களில் நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடுவதால் உதகை, கொடைக்கானல் வாசிகள் மூன்று நிமிடம் கொதிக்கவைக்க வேண்டும். 2011-இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் குழாய் நீரால் மூக்கைக் கழுவிய இருவர், மூளையைத் தின்னும் அமீபா தாக்கி இறந்தார்கள். கேரளத்தில் அண்மை ஆண்டுகளில் குளத்தில் குளித்தவர்களைத் தாக்கியதாகச் செய்திகளில் படித்த அதே வகை நோய் அது. குடித்தால் ஒன்றும் செய்யாத அந்த உயிரி, மூக்கின் மேற்கூரை வழியாகத்தான் மூளைக்கு ஏறுகிறது.

உப்பின் அளவு லிட்டருக்கு 9 கிராம். 240 மில்லி குப்பிக்கு 2 கிராமைச் சற்றுத் தாண்டும். ஒரு சிட்டிகை ஆப்ப சோடா சேர்த்தால் எரிச்சல் குறையும். அயோடின் சேர்த்த உப்பு சிலருக்கு எரிச்சல் தரும். நம் கடைகளில் அயோடின் இல்லாத சமையல் உப்பு எளிதில் கிடைக்காது, கல்லுப்பில் மண்ணும் தூசியும் இருக்கும். ஆகவே அளந்து அடைத்த பொட்டலங்களை வாங்குவதே முதல் மூன்று மாதங்களுக்கேனும் நிம்மதி. தொட்டியின் மேல் குனிந்து, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு துவாரத்தில் மெதுவாகக் குப்பியை அழுத்தினால் மறு துவாரம் வழியாகவோ வாய் வழியாகவோ நீர் வெளியேறும். முதல் சில நாட்கள் பழுப்பும் சிவப்புமாகப் பொருக்கு வருவது இயல்பு. மூக்கைப் பலமாகச் சிந்துவதை மருத்துவர் அனுமதிக்கும்வரை தவிர்த்து, தும்மல் வந்தால் வாயைத் திறந்தே தும்முங்கள். குப்பியைத் தினமும் கழுவிக் காயவைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

நான்காம் படி: கழுவும் நீரில் புடசோனைட்

நோய் கடுமையாக இருந்தவர்களுக்கு, ஆஸ்துமாவுக்கு நெபுலைசரில் வைக்கும் புடசோனைட் திரவத்தை உப்புநீரில் கலந்து கழுவச் சொல்வார்கள். மூக்குக் கழுவலுக்கென்று தயாரிக்கப்பட்ட மருந்தன்று அது. ஆனாலும் அறுவைக்குப் பின் திறந்த சைனஸ்களுக்குள் அதிக அளவு நீரோடு போய்ச் சேர்வதால் பல நாட்டு மருத்துவர்கள் இந்த முறையைக் கையாள்கிறார்கள். 2 மில்லி கொண்ட சிறு பிளாஸ்டிக் குப்பியில் 0.5 மில்லிகிராம் இருப்பது ஒரு வகை, 1 மில்லிகிராம் இருப்பது மற்றொரு வகை. வாங்கும்போதே எண்ணைப் படியுங்கள். அதே உருவக் குப்பியில் மூச்சுத்திணறலுக்கான வேறு மருந்துகளும் வருவதால் பெயரையும் ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள்.

240 மில்லி உப்புநீரைத் தயாரித்து, குப்பியை நன்கு குலுக்கித் திருகித் திறந்து அதில் முழுவதும் பிழிந்து கலக்கி, பாதியை ஒரு பக்கமும் மீதியை மறுபக்கமும் செலுத்துவது வழக்கமான முறை. முதலில் வெறும் உப்புநீரால் ஒருமுறை கழுவிவிட்டுப் பிறகு மருந்து நீரை விட்டால், சளி போன சுவரில் மருந்து படியும். நெற்றிச் சைனஸில் சிக்கல் இருந்தவர்களுக்குத் தலையை இன்னும் தாழ்த்திக் குனிந்தோ, ஒருக்களித்துப் படுத்தோ சில நிமிடங்கள் இருக்கச் சொல்வார்கள். எந்த நிலை என்பதைச் செய்து காட்டும்படி கேளுங்கள், வாயால் சொன்னால் புரியாது. பெரும்பகுதி நீர் வெளியே வந்துவிடும் என்பதால் உடலுக்குள் சேர்வது மிகச் சிறிது. தொண்டைக்கு வருவதை விழுங்காமல் துப்பி, வாய் கொப்பளித்துவிடுங்கள். குனிந்து எழும்போது மிச்ச நீர் திடீரென்று வழியும். படுக்கப் போகும் நேரத்தில் செய்தால் தலையணை நனையும் என்பதால் ஒரு மணி நேரம் முன்பே முடித்துவிடுவது நல்லது.

ஐந்தாம் படி: ஸ்ப்ரே

மொமெட்டசோன், ஃப்ளூட்டிகசோன் வகை ஸ்ப்ரேக்கள்தான் நெடுநாள் துணை. ஒரு தெளிப்பில் 50 மைக்ரோகிராம் உள்ள மொமெட்டசோனைத் துவாரத்துக்கு இரண்டு வீதம் காலையும் மாலையும் அடித்தால்கூட நாள் மொத்தம் 0.4 மில்லிகிராம், அதிலும் ரத்தத்தில் கலப்பது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மாத்திரையைப் பற்றி அஞ்ச வேண்டிய பலவும் இதற்குப் பொருந்தாது. கண் அழுத்த நோயோ கண்புரையோ உள்ளவர்கள் மட்டும் கண் மருத்துவரிடம் ஆண்டுதோறும் காட்டிக்கொள்வது நலம். மருந்துக்கடையில் அடைப்பை நொடியில் திறக்கும் சைலோமெட்டசோலின், ஆக்ஸிமெட்டசோலின் சொட்டுமருந்துகள் ஸ்டீராய்டு அல்ல என்பதையும், ஐந்து நாட்களுக்கு மேல் தொடர்ந்தால் அவையே அடைப்பைத் திருப்பிக் கொண்டுவரும் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டு, ‘ஸ்ப்ரே அடித்தால் அடிமையாகிவிடுவோம்’ என்று பேசுகிறவர்கள் நிறைய.

அடிக்கும் முறையில்தான் பாதிப் பலன் இருக்கிறது. கழுவிப் பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து, குப்பியைக் குலுக்கி, புதியதாக இருந்தால் உள்ளிருக்கும் தாளில் சொன்ன எண்ணிக்கைப்படி காற்றில் அழுத்தி மெல்லிய பனிபோல் வரவைத்துக்கொள்ளுங்கள். தலையை அண்ணாந்து பார்க்காமல் சற்றே முன்னோக்கித் தாழ்த்தி, வலது துவாரத்துக்கு இடது கையாலும் இடது துவாரத்துக்கு வலது கையாலும் அடியுங்கள். அப்படி மாற்றிப் பிடித்தால் முனை தானாகவே அந்தப் பக்கத்துக் காதை நோக்கித் திரும்பும். மூக்கின் நடுச்சுவரில் மருந்து நேராகப் படாது. அந்தச் சுவரில் பட்டுக்கொண்டே இருந்தால் வறட்சியும் ரத்தக் கசிவும் வரும். அழுத்தும்போது பூவை முகர்வதுபோல மெல்ல மூச்சிழுத்தால் போதும். உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்க் கசக்கும், அந்த அளவு வீண். கசிவு கண்டால் ஓரிரு நாள் நிறுத்தி, உப்புநீரை மட்டும் தொடர்ந்து, கை பிடிக்கும் முறையைச் சரிபாருங்கள். நிற்காவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும். குப்பியில் 120 தெளிப்பு என்று எழுதியிருந்து நாளுக்கு நான்கு அடிப்பவருக்கு அது சரியாக 30 நாள். அதன்பின் ஆட்டிப் பார்த்தால் திரவம் இருப்பதுபோல் தெரியும், வரும் அளவு நம்பத்தக்கதல்ல. புடசோனைட் கழுவல் நடக்கும் காலத்தில் ஸ்ப்ரேயும் வேண்டுமா என்பதை மருத்துவரிடம் தெளிவாகக் கேட்டுவிடுங்கள்.

இடையில் வரும் மறுபரிசோதனைகள்

முதல் வாரத்திலும் அடுத்த சில வாரங்களிலும் மருத்துவர் எண்டோஸ்கோப் வைத்துப் பொருக்கை எடுப்பார். சற்று வலிக்கும், தவறவிடக் கூடாது. சில நாடுகளில், மெல்ல மெல்ல மொமெட்டசோனைக் கசியவிட்டுத் தானே கரைந்துபோகும் சிறு வலைகளைச் சைனஸ் வாயிலில் வைக்கிறார்கள். அவற்றில் முதலாவதற்கு அமெரிக்க அரசு 2011-இல் அனுமதி தந்தது. எல்லோருக்கும் தேவையான பொருள் அன்று, விலையும் அதிகம்.

காத்திராமல் கிளம்ப வேண்டிய தருணங்கள்

கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை மங்கல், ஒன்று இரண்டாகத் தெரிதல்; குனியும்போது ஒரே துவாரத்திலிருந்து உப்புக் கரிக்கும் தெளிந்த நீர் சொட்டுதல்; கழுத்து விறைப்போடு கடுந்தலைவலி; கால்மணி நேரம் மூக்கை அழுத்திப் பிடித்தும் நில்லாத ரத்தம்; கறுப்பு மலம் அல்லது ரத்த வாந்தி. இவற்றில் ஒன்று வந்தாலும் நள்ளிரவென்றாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். தெளிந்த நீர் மட்டும் குழப்பும், ஏனெனில் கழுவிய நீரே மிச்சமாகச் சொட்டலாம். கழுவிப் பல மணி நேரம் ஆன பின்னும் சொட்டினால் மூளைத் தண்டுவட நீராக இருக்கக்கூடும். ஸ்டீராய்டு மாத்திரை எடுக்கும் நாட்களில் கிருமித் தொற்று வந்தாலும் காய்ச்சல் அடங்கியே தெரியும் என்பதால், ‘சுரமில்லையே’ என்று தெர்மாமீட்டரை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

மாதங்கள் கடந்தபின்

மூச்சு தாராளமாக வந்து, இரவில் வாய் திறக்காமல் தூங்கத் தொடங்கியதும் ஸ்ப்ரே மறந்துபோகும். நான் நான்காம் மாதத்தில் நிறுத்தினேன். எட்டாம் மாதம் எண்டோஸ்கோப் திரையில், இடப்பக்க மேல் மூலையில் திராட்சைபோல் ஒரு சிறு சதையை மருத்துவர் சுட்டிக்காட்டினார். அது அங்கே வளர்ந்துகொண்டிருந்த நாட்களில் எனக்கு ஒரு தொந்தரவும் தெரிந்ததில்லை. புடசோனைட் கழுவலை மீண்டும் தொடங்கி, ஸ்ப்ரேயை விடாமல் அடித்ததில் அது சுருங்கியது, மாத்திரை தேவைப்படவில்லை. எல்லோருக்கும் இப்படிச் சுருங்கிவிடாது. சதை திரும்பத் திரும்ப வளர்கிறவர்களுக்கு, குறிப்பாக ஆஸ்துமாவும் உள்ளவர்களுக்கு, அழற்சியைத் தூண்டும் குறிப்பிட்ட புரதச் சமிக்ஞைகளைத் தடுக்கும் டூபிலுமாப் போன்ற ஊசிகள் வந்திருக்கின்றன. மூக்குச் சதைக்கு அமெரிக்காவில் அது 2019-இல் அனுமதி பெற்றது. விலை கையைக் கடிக்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தோலடியில் போட வேண்டும். போடத் தொடங்கிய பிறகும் மூக்கு ஸ்ப்ரேயைத் தொடர வேண்டும்.